கண்ணாடிக்குள் வந்த வெயில்

கண்ணாடி வழியாக வரும் வெயில் எலும்புக்கு உதவாது. பலருக்கு இது தெரியாது. உடம்பு சூடாகும், கண் கூசும், தூக்கம்கூட வரும். ஆனால் தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

முதியோர் இல்லத்தின் திறந்த தாழ்வாரத்துக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்தது நான்தான். குளிர்காற்று படாமல் வெயில் காயலாம் என்று நிர்வாகி நெகிழ்ந்து போனார். முற்றத்தில் வழுக்கும் என்று சொல்லி அந்தக் கதவையும் பூட்டச் சொன்னேன். அதற்கும் நன்றி சொன்னார்கள்.

ஏன் என்று இந்த விசாரணையில் கேட்கிறீர்கள். வேறொரு இல்லத்தில் நான் செய்த முந்தைய ஆராய்ச்சி தோற்றிருந்தது. பாதிப் பேருக்கு வைட்டமின் சொட்டு, மீதிப் பேருக்கு வெறும் எண்ணெய். பார்வைக்கும் ருசிக்கும் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் கிழவிகள் தினமும் முற்றத்துக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு மருமகள்களைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். சூரியன் பந்தி வஞ்சனை பார்க்காது. கடைசியில் இரு தரப்பின் எலும்பிலும் வித்தியாசமே இல்லை. இன்னொரு முறை தோற்றால் எங்கள் பிரிவை மூடிவிடுவார்கள். எனவே இந்த முறை சூரியனை வெளியே நிறுத்தினேன்.

அந்த இல்லத்தில் என் அக்காவும் இருந்தாள். அம்மா போன பிறகு துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்து என்னைப் படிக்க வைத்தவள். ஆராய்ச்சி என்றதும் மற்றவர்கள் பின்வாங்கினார்கள். அக்காதான் அவர்களை வழிக்குக் கொண்டுவந்தாள்.

"என் தம்பி விஷமாடி குடுப்பான்? சும்மா குடிங்க. செத்தா மொதல்ல நான் சாவுறேன்."

எல்லோரும் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள்.

யாருக்கு எந்தச் சொட்டு என்பது எனக்குத் தெரியக் கூடாது. அவர்கள் ரத்தத்தில் உள்ள வைட்டமின் அளவுகளும் என் கைக்கு வரக் கூடாது. பரிசோதனைக் கூடத்தில் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அக்காவின் அளவு சரிந்துகொண்டே போனது. அவள் குடித்தது வெறும் எண்ணெய். அளவு அவ்வளவு தாழ்ந்தால் அந்த ஆளை உடனே விலக்கி வைத்தியம் செய்ய வேண்டும். அந்த விதியை எழுதியவனே நான்தான். ஆனால் அவளை விலக்கினால் அவளைப் போல் தாழ்ந்தவர்கள் எல்லோரையும் விலக்க வேண்டும். பிறகு ஒப்பிட யாரும் மிஞ்ச மாட்டார்கள். நானே கவனித்துக்கொள்கிறேன் என்று பரிசோதனைக் கூடத்தில் சொல்லிவிட்டேன்.

பார்க்கப் போகும்போதெல்லாம் என் கையாலேயே அவளுக்குச் சொட்டு விட்டேன். குழந்தை மாதிரி வாயைத் திறப்பாள்.

பிறகு நாற்காலியிலிருந்து எழ யாராவது கை கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் ஆடி ஆடி நடந்தாள். அன்னநடை போய் வாத்து நடை வந்துவிட்டதென்று பக்கத்துக் கட்டில்காரி கேலி செய்தாள். அக்காவும் சேர்ந்து சிரித்தாள். எலும்பு மெலிந்து இளகும்போது அப்படித்தான் நடப்பார்கள். அந்த நடையை மாணவர்களுக்கு நடந்தே காட்டியிருக்கிறேன்.

தலைமை நர்ஸ் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"சார், தொடையெல்லாம் வலிக்குதுன்னு அழுவுறாங்க. நீங்க வந்தா மட்டும் சொல்ல மாட்டேங்குறாங்க. வைட்டமின் ஊசி ஒண்ணு போட்டுடலாமா?"

"இப்போ வேண்டாம். வயசானா வலிக்கத்தான் செய்யும்."

நான் சொன்னதை அவள் குறிப்பேட்டில் தேதியோடு எழுதிக்கொண்டாள். நல்ல நர்ஸ். உங்களிடம் புகார் செய்தது அவள்தான் என்றால் எனக்குக் கோபமில்லை.

அக்கா எங்கும் வழுக்கி விழவில்லை. எழுந்து நின்றாள், தொடையெலும்பு முறிந்தது. முறிந்த பிறகுதான் விழுந்தாள். அறுவைக்குப் பின் நெஞ்சில் சளி கட்டியது. அப்போதும் அவளுக்கு என் கவலைதான்.

"என்னால உன் கணக்கு கெட்டுப்போச்சாடா?"

"இல்லக்கா. நீயும் கணக்குல இருக்க."

அதைக் கேட்டு நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள். மறுநாள் போய்விட்டாள். நான் அழுதேன். அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

சொட்டு வேலை செய்கிறது. இப்போது அதை யாரும் மறுக்க முடியாது. மற்ற பெண்களை ஏமாற்றினேன், ஒப்புக்கொள்கிறேன். அவர்களுடைய எலும்பு கரைவது தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்தேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அக்காவை நான் கொன்றதாக எழுதாதீர்கள். எனக்காக அவள் எதற்கும் மறுப்புச் சொன்னதில்லை. உண்மையைச் சொல்லிக் கேட்டிருந்தால் இதற்கும் சம்மதித்திருப்பாள். அதனால்தான் கேட்கவில்லை.