மஞ்சள் ஒயரில் ஒரு துணிக் கிளிப்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். இந்தக் காலத்தில் அதோடு, நெட் கனெக்‌ஷன் எடுத்துப் பார் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம் சார். ஒருவன் நூறு ஸ்பீடு என்பான், இன்னொருவன் முந்நூறு என்பான். வீட்டுக்குள் வந்ததும் எல்லாம் ஆமைதான். ஒன்றரை வருடத்தில் மூன்று கம்பெனி மாற்றினோம். மூன்றையும் தேர்ந்தெடுத்தது நான். தெருவில் நாலு பேரிடம் விசாரித்து, தாளில் கட்டம் போட்டு எழுதி மகளிடம் காட்டுவேன். "எனக்கு மாப்பிள்ளை பார்த்தாக்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டீங்கப்பா" என்று சிரிப்பாள்.

மூன்றாவது கம்பெனியின் மேல் நுகர்வோர் கோர்ட்டில் நான் கொடுத்த மனு உங்கள் மேசையில் இருக்கிறது. அவர்கள் உங்களிடம் ஒரு வரைபடம் கொடுத்திருக்கிறார்களாமே. எங்கள் வீட்டு ஒயரில் வெளிச்சம் எந்தெந்த நேரத்தில் குறைந்தது, எப்போது கூடியது என்று. படம் சரியாகத்தான் இருக்கும். அதை விளக்கத்தான் வந்தேன்.

எங்களுடையது பின்பக்கத்துத் தரைத்தள வீடு. செல்போன் சிக்னல் எட்டிக்கூடப் பார்க்காது. யாருடன் பேசுவதானாலும் வைஃபையில்தான். அக்கம்பக்கத்தில் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள், பகலில் ஈ காக்கை இருக்காது.

மனைவி போய் ஆறு வருடம் ஆகிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். இடுப்பு அசையவில்லை, குரலும் எழும்பவில்லை. கையில் கிடைத்த சொம்பால் சுவரைத் தட்டினேன். மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று தட்டு. அடுத்த அறையில் ஹெட்போன் மாட்டி வேலை பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு எப்படிக் கேட்டதோ தெரியாது. ஓடி வந்து தாழ்ப்பாளை உடைத்து என்னைத் தூக்கினாள். "எப்ப வேணாலும் தட்டுங்கப்பா, எனக்குக் கேட்கும்" என்றாள்.

அன்றைக்குப் பிடித்த பயம் சார். சாவுக்குப் பயமில்லை. தட்டத் தட்ட யாரும் வராமல் கிடப்பேனே, அதுதான் பயம்.

அடுத்த மாதமே அவள் வெளிநாட்டு வேலைக்கு முயற்சி செய்ய ஆரம்பித்தாள். எல்லாம் வீடியோவில் நடக்கும் நேர்முகத் தேர்வுகள். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எந்த அப்பன் சொல்லுவான்?

முதல் கம்பெனியின் லைன்மேன் இணைப்புக் கொடுக்கும்போது ஒரு பேச்சுக்குச் சொன்னார்: "இந்த மஞ்சள் ஒயருக்குள்ள கம்பி இல்ல சார், கண்ணாடி இழை. ரொம்ப மடக்கிடாதீங்க. வெளிச்சம் கசிஞ்சு ஸ்பீடு படுத்துடும்." நான் முப்பது வருடம் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவன். கண்ணாடிக்குள் வெளிச்சம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும்.

செருப்பு அலமாரிக்குப் பின்னால் அந்த ஒயரை மடக்கி ஒரு துணிக் கிளிப் மாட்டினேன். வெட்டவில்லை, உடைக்கவில்லை. அவளுக்குத் தேர்வு இருக்கும் நாளில் மட்டும். அவள் முகம் திரையில் உறைந்துவிடும். "கேட்குதா? நான் பேசுறது கேட்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். முடிந்ததும் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துத் தலையைத் தடவிக்கொடுப்பேன். லைன்மேன் வருவதற்குள் கிளிப்பை எடுத்துவிடுவேன். அவர் சோதித்துப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு" என்று போய்விடுவார். கம்பெனி மாற்றினோம், ஒயர் மாறியது, கிளிப் அதேதான்.

நாலு வேலை கைநழுவியது. "நான் தொட்டது எதுவுமே விளங்காதாப்பா?" என்று ஒருநாள் கேட்டாள். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்? சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு. கவலையில் அது அதிகமானது. இன்ஹேலர் வாங்கிவருவது என் பொறுப்பு. ஒருமுறைகூடத் தவறியதில்லை.

ஐந்தாவது வேலைக்குக் கடைசிச் சுற்று, காலை பதினொரு மணிக்கு. முந்தின நாள் அவள் ஒத்திகை பார்க்கும்போதே, கிளிப் மாட்டாமலே, ஸ்பீடு தானாகத் திக்கியது. போனில் புகார் சொன்னோம், யாரும் வரவில்லை. மறுநாள் பத்து மணிக்குக் கிளிப்பைக் கொஞ்சம் இறுக்கமாகவே மாட்டினேன். நெட் சுத்தமாக நின்றுவிட்டது. "நீங்க நேர்ல போய் ஆளைக் கையோட கூட்டிட்டு வாங்கப்பா" என்று கெஞ்சினாள். போனேன்.

ஒரு மணி நேரம் வரிசையில் நின்றேன். "என் பொண்ணு வாழ்க்கையே இதுலதான் இருக்கு" என்று சண்டை போட்டேன். அதில் நடிப்பு ஒன்றும் இல்லை. அந்த அலுவலகத்தை ஒட்டியே ஒரு மருந்துக்கடை இருக்கிறது. நின்ற இடத்திலிருந்து அதன் பலகை தெரிந்தது.

லைன்மேனை ஸ்கூட்டரில் ஏற்றிவந்தேன். "வீடு அலங்கோலமாக் கிடக்கு, ரெண்டு நிமிஷம் நில்லுங்க" என்று வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். கிளிப்பை எடுத்தேன். நெட் பெட்டியில் சிவப்பு விளக்கு பச்சையானது. என் சட்டைப்பையில் போன் அதிர ஆரம்பித்தது. வரிசையாகப் பதினொரு செய்திகள், நெட் இல்லாமல் அவள் போனிலேயே தேங்கிக் கிடந்தவை. முதல் செய்தி பத்தே காலுக்கு அனுப்பியது. 'அப்பா, இன்ஹேலர் தீர்ந்துடுச்சு. வரும்போது வாங்கிட்டு வாங்க.' அப்புறம் 'அப்பா சீக்கிரம்.' அப்புறம் 'அப்பா' மட்டும். கடைசிச் செய்தியில் ஒரே ஓர் எழுத்து.

அவள் வெளியே ஓடியிருக்கலாமே என்பீர்கள். பதினொரு மணிக்குள் நெட் வந்துவிடும் என்று திரைமுன் உட்கார்ந்தே இருந்திருக்கிறாள். பிறகு எழுந்திருக்க முடியவில்லை. இன்னும் சில நிமிடம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார் டாக்டர்.

நான் உள்ளே போய் நாலு நிமிடம் கழித்துத்தான் கூப்பிட்டேன் என்று லைன்மேன் சொல்லியிருப்பார். உண்மைதான். அலமாரி கனம், கிளிப் இறுகிப்போயிருந்தது. அவள் அறையிலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று தட்டு. எனக்குக் கேட்டது சார். வாசற்படியில் கால் வைத்தபோதே கேட்டது. ஆனால் நேராக அவளிடம் ஓடியிருந்தால், லைன்மேன் உள்ளே வந்து கிளிப்பைப் பார்த்துவிடுவார். அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் என்னை விட்டுப் போய்விடுவாள். அதனால் முதலில் கிளிப்பை எடுத்தேன். அலமாரியை நகர்த்தி ஒழுங்காக வைத்தேன். அதற்குள் தட்டுவது நின்றுவிட்டது.

இப்போது குளிக்கப் போனால் கதவைத் தாழிடுவதில்லை. நெட் மட்டும் பிரமாதமாக வருகிறது.

மனுவை வாபஸ் வாங்கமாட்டேன் சார். முந்தின நாள் போன் செய்தபோதே அவர்கள் ஆளை அனுப்பியிருந்தால், என் மகள் இன்றைக்கு என்னோடு இருந்திருப்பாள்.