ஓமனில் ஏறிய மலை

திருமலை பஸ்ஸை அலிபிரியில் நிறுத்தி எல்லாரையும் சோதனைக்கு இறக்கிவிட்டார்கள். நடந்து போகிறவர்களுக்குப் படிக்கட்டும் அங்கேதான் தொடங்குகிறது. வரிசையில் எனக்கு முன்னால் ஒரு புருஷன், பெண்சாதி.

“ஓமன்ல வேல செய்யச்சொல்ல ஒரு மல ஏறுனேனே, அத்த சாமி கணக்குல வெச்சுக்காதா? அந்த நாட்டுக்கே பெரிய மல. காலைல ஏறி சாயங்காலம் எறங்கிட்டேன்.”

“நீ நல்லபடியா ஊரு வந்து சேந்தா, திருமலைக்கு உன்ன நடக்க வெச்சே ஏத்துறேன்னு வேண்டிக்கினேன். அந்த மல உச்சில இன்னா இருந்திச்சு?”

“மிலிட்டரி கேம்ப்பு. உள்ள உடமாட்டான். பக்கத்து முகட்டுல நின்னு பாத்துட்டு வந்துட்டோம்.”

“அப்ப தரிசனமே ஆவல. வாசல்லயே தொரத்தி உட்டுக்கிறான். இத்தப் போயி சாமிகிட்ட சொல்லுவியா?”

அவர் செருப்பைக் கழற்றி அவள் பையில் போட்டார்.

“சரி வா, ஏறலாம்.”

“நானா? உன் காலுக்குத்தான்யா வேண்டிக்கினேன்” என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸில் போய் உட்கார்ந்தாள்.