கழட்டாத அடித்தகடு

சிரிப்புதான் வருது சார், வேற ஒண்ணுமில்ல. இதப் போய் யார்கிட்டயாவது துப்பாக்கின்னு காட்டிடாதீங்க, காறித் துப்பிடுவாங்க. குடுங்க இப்படி. ம்ம்... குழல் பரவாயில்ல. வாய் வழியா மருந்து போட்டு இடிக்கிற துப்பாக்கிக்கு இவ்வளவு சுத்தமான குழல் அமையறது கஷ்டம். ஆனா இந்தக் கட்டை இருக்கு பாருங்க, கட்டை... கர்மம், கர்மம்! தோள்ல வைக்கிற பக்கம் இந்தப் பித்தளைத் தகடு, இத அடித்தகடுன்னு சொல்லுவோம். விரல வச்சுத் தடவுங்க. பயப்படாம தடவுங்க சார்... ஆங், விளிம்பு தட்டுதா? சுத்திலும் மரத்தத் தாண்டித் தகடு நீட்டிக்கிட்டு நிக்குது. அப்பன் சட்டையப் புள்ள மாட்டின மாதிரி! சட்டையக் கிழிக்குதுன்னீங்களே, கிழிக்காம கொஞ்சுமா? மேல இந்தத் திருகுகிட்ட ஒரு விரிசல் வேற. மயிரிழைதான். இன்னும் நாலு தரம் சுட்டிருந்தீங்கன்னா கட்டை ரெண்டாப் போயிருக்கும்.

என்னது? ஆமா, எங்க பட்டறையில செஞ்சதுதான். நான் மறைக்கலையே! குழலுக்கு அடியில எங்க முத்திரையே இருக்கு, மறைச்சா மறையுமா? ஆனா பட்டறைதான் என்னோடது, கை என்னோடதில்ல. அதத் தெளிவா வச்சுக்குங்க. கை அந்த மகானோடது. ஜன்னல் வழியா எட்டிப் பாருங்க, எதிர்ல பச்சைக் கதவு தெரியுதா? அவன்தான். என் தங்கச்சி புருஷன். உறவு சொல்லவே நாக்கு கூசுது.

உக்காருங்க. ஸ்டூல் ஆடும், சுவத்தோரமாத் தள்ளிக்குங்க. தகட்ட மரத்துல உக்கார வைக்கிறதுன்னா என்னன்னு நெனச்சீங்க? அளந்து வெட்டி ஆணி அடிக்கிறதா? அது கோழிக்கூண்டு செய்யறவன் வேலை! இங்க, தகட்ட மொதல்ல விளக்குப் புகையில காட்டணும். கரி புடிச்சதும் மரத்து மேல வச்சு ஒரு தட்டு. எடுத்துப் பாத்தா, எங்க முட்டுதோ அங்க மட்டும் கறுப்பு ஒட்டியிருக்கும். அத மட்டும் உளியால சீவணும். மறுபடி கரி, மறுபடி தட்டு, மறுபடி சீவு... ஒரு தகட்டுக்கு நூறு தரம். கடைசியில மரம் மொத்தமும் ஒரே கறுப்பா ஒட்டணும், நடுவுல ஒரு வெள்ளப் புள்ளி இருந்தாலும் வேலை முடியல. அந்தப் பொறுமைக்கு அவன் எங்க போவான்? அவசரக்குடுக்கை சார். சோத்தையே நின்னுக்கிட்டுத் திங்கிறவன்!

மரமா? மரத்த மட்டும் குறை சொல்லாதீங்க. மரம் என்னோடது. நானே போய், தட்டிப் பாத்து, மோந்து பாத்து வாங்கினது. மூணு வருஷம் காயாம ஒரு பலகையத் தொடமாட்டோம், அது இந்தப் பட்டறைச் சட்டம். பின்னாடி கொட்டகையில அடுக்கியிருந்தேன். இதச் செஞ்ச வருஷம் அடிச்ச காத்துல கூரையே பறந்துடுச்சு... என்ன மழ, என்ன மழ! கூரை போடறவன் ஒருத்தன் வந்தான், இன்னைக்கி நாளைக்கின்னு ரெண்டு மாசம் இழுத்தான். எவனுக்கும் தொழில்ல வெக்கமே இல்ல சார்.

எங்க விட்டேன்? ஆங்... சுடற கிளப்புல போட்டி வந்துச்சு. அப்ப இது கிளப்புத் தலைவரோடது, அப்புறம்தான் கைமாறி உங்ககிட்ட வந்திருக்கு. அவசரம் அவசரம்னு தல மேல நின்னாரு, குடுத்தோம். ஆறே மாசம்! பத்துப் பேரக் கூட்டிக்கிட்டு வந்து, இதே மேசையில, இதே விளிம்பத் தடவிக் காட்டறாரு. எனக்கு எப்படி இருக்கும்? அவனக் கூப்பிட்டேன். "உனக்கு உளி புடிக்கத் தெரியாது, விறகு பொளக்கப் போ"ன்னேன். பத்துப் பேர் முன்னாடிதான். பின்ன, கதவச் சாத்திக்கிட்டுக் காதுலயா சொல்லுவாங்க? அவன் ஒரு வார்த்தை பேசணுமே! உளியத் தொடச்சான், வச்சான், போயிட்டான். குத்தம் செஞ்சவனுக்கு வாய் எப்படி வரும்?

தங்கச்சிதான் வாசல்ல நின்னு கத்தினா. அதோட சரி, நாலு வருஷமாச்சு. நான் ஜன்னலத் தொறந்தா அவ சாத்தறா. சின்ன வயசுல மூக்க ஒழுகவிட்டுக்கிட்டே என் பின்னாடி வந்த கழுத சார் அவ... நான் காய்ச்சல்ல கெடந்தப்பகூட எட்டிப் பாக்கல. கஷ்டமா இருக்காதா? இருக்கும்தான். அவன் வந்து "தப்புதான்"னு ஒரு சொல்லு சொல்லட்டும், அன்னைக்கே மறந்துடறேன்.

அந்தத் திருப்புளிய எடுங்க. அதில்ல, பக்கத்துல... ஆங். எங்க பட்டறையில ஒரு வழக்கம். தகட்ட மூடறதுக்கு முன்னாடி, சீவினவன் அடியில மரத்து மேல சிவப்புப் பென்சிலால கையெழுத்துப் போடணும். மூடிட்டா எவனும் பாக்கப் போறதில்ல, தலையெழுத்து மாதிரி. ஆனா இருக்கும். அவன் கையெழுத்த உங்க கண்ணாலயே பாத்துட்டுப் போங்க. அன்னைக்கே ஏன் கழட்டிப் பாக்கலையா? எதுக்கு? வெளிய பாத்தாலே தெரியுதே! கழட்டி வேற பாக்கணுமாக்கும்.

ம்... இறுகிக் கெடக்கு... வந்துடுச்சு. பாருங்க சார் லட்சணத்த... இது... இருங்க. வெளிச்சத்துக்குக் கொண்டு போறேன்.

கறுப்பா இருக்கு. மொத்தமும். ஒரு வெள்ளப் புள்ளிகூட இல்லியே... நூறு தரமில்ல சார், இருநூறு தரம் தட்டியிருப்பான். இதென்ன, கையெழுத்துக்கு மேல ஏதோ நீளமாக் கிறுக்கியிருக்கான்? கண்ணாடிய எங்க வச்சுத் தொலச்சேன்... உங்களுக்குத் தெரியுதா? படிங்க. சத்தமா.

...இன்னொரு தடவ.

"மரம் ஈரம். மூணு தரம் சொன்னேன். மச்சான் மாட்டுன்னார். நாளைக்குச் சுருங்கினா என் கைன்னே இருக்கட்டும்."

எட்டு மாசம் சார். மூணு வருஷமில்ல... எட்டே மாசம்தான் கெடந்துச்சு, அதுலயும் கூரையில்லாம மழையில ஊறிச்சு. சொன்னான். சொல்லத்தான் செஞ்சான். "எனக்கே மரம் சொல்லித் தர்றியா"ன்னு கேட்டேன். மரம் அப்புறமாக் காஞ்சு சுருங்கிடுச்சு, பித்தளை சுருங்குமா? அதான் நீட்டிக்கிட்டு நிக்குது. அதான் விரிசலும். பத்துப் பேர் முன்னாடி ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அவன்... விறகு பொளக்கப் போகவேண்டியவன் நான்தான் சார்.

எங்க, எழுந்துட்டீங்க? இருங்க, துப்பாக்கிய நான் தூக்கறேன், தகடு உங்க கையிலயே இருக்கட்டும். இதுக்குக் கட்டை போட எனக்கு யோக்கியதை இல்ல, மாப்பிள்ளைதான் போடணும். தெருவத் தாண்டினா அவ்வளவுதான், என்கூட வாங்க. ஒரு உதவி மட்டும்... நீங்க முன்னால நின்னு கதவத் தட்டுங்க. என் குரல் கேட்டா அவ தொறக்கமாட்டா.