இறால் ஓட்டு மருந்து

உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது, சார். இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள்.

ராயபுரத்தில் அப்பாவுக்குப் பாத்திரக்கடை. அதைத் தம்பிக்கு விட்டுவிட்டு நான் வேதியியல் படித்தேன். எண்ணூரில் பிளாஸ்டிக் குழாய் ஆலையில் பதினோரு வருடம், பிறகு ஆராய்ச்சிக்கூடம். காசிமேட்டில் கொட்டும் இறால் ஓட்டைக் கழுவி, காய்ச்சி, கண்ணாடி போல மெல்லிய படலம் எடுத்தேன். புண்ணில் ஒட்டினால் சதை வளரும். முதன்முதலாக ஒரு எலிக்குப் புண் ஆறிய அன்று எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன்.

மனிதர்களிடம் சோதிக்க அனுமதி கேட்டால் வருடக்கணக்காகும். அதனால் திருவொற்றியூரில் ஒரு மீனவர் குப்பத்தில் ஞாயிறுதோறும் இலவசமாகக் கட்டுப்போட ஆரம்பித்தேன். சர்க்கரைப் புண்ணோடு இருபது பேர் வந்தார்கள். சீட்டுக் குலுக்கிப் பத்துப் பேருக்கு என் படலம். பத்துப் பேருக்கு, பார்க்க அதே மாதிரி இருக்கும் வெறும் பிளாஸ்டிக். எல்லோருக்கும் ஆறிவிட்டால் எது ஆற்றியது என்று எப்படிச் சொல்வது?

என் பத்துப் பேருக்கும் ஆறியது. ஒருவர் முழு வஞ்சிரமே கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை அந்த இடம் கல்யாண வீடு மாதிரி இருக்கும். மற்றவர்களில் ஒன்பது பேர் சலித்துப்போய் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். மீன் விற்கும் குப்பம்மா அக்கா மட்டும் ஒரு ஞாயிறும் தவறவில்லை.

“இன்னா புஷ்பம், எனக்கு மட்டும் ஆறமாட்டேங்குது. வேற மருந்து எதுனா கீதா?”

“இதுதான்க்கா நல்ல மருந்து. கொஞ்சம் பொறுத்துக்குங்க.”

“நீ சொன்னா சரிதான்.”

என் பையில் அசல் படலம் ஆறு இருந்தது.

ஒன்பதாவது வாரம் அவருடைய மகன் பாஸ்கர் வந்தான். “காலு கறுத்துகினே வருது மேடம். ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறேன்.”

“போனா காலை எடுத்துடுவாங்க” என்றேன். பயந்து திரும்பிவிட்டான். நான் சொன்னது பொய்யில்லை, சார். காலை எடுத்திருப்பார்கள்; அவரும் பிழைத்திருப்பார். ஆனால் பன்னிரண்டு வாரம் முழுதாகப் பார்த்தால்தான் என் ஆராய்ச்சிக் கட்டுரையை ஏற்பார்கள். பிளாஸ்டிக் ஒட்டிய பத்துப் பேரில் மிச்சமிருந்தது அவர் ஒருவர்தான்.

பன்னிரண்டாவது ஞாயிறும் சிரித்துக்கொண்டேதான் காலை நீட்டினார். புதன்கிழமை இறந்துபோனார்.

அவரைக் கொன்றது நான்தான் என்று பாஸ்கர் எழுதிக் கொடுத்திருப்பது சரி. எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லி அக்காவின் பெயரைப் போட்டிருக்கிறேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. நானே படித்துக் காட்டியிருப்பேன். ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பார்.