விக்கிறதுக்கு நிறுத்தின வண்டி

...அதையேதான் தம்பி நானும் சொல்றேன், பாக்குறதுக்குப் பளபளன்னுதான் இருக்கும், அதை நம்பிடாதீங்க. உக்காருங்க. ஐயோ, அந்த நாற்காலி வேணாம், அதுல கிரீஸ். இந்த ஸ்டூல்ல உக்காருங்க. இதுலயும் இருக்கும், ஆனா காஞ்சது, பேண்ட்ல ஒட்டாது.

விளம்பரத்துல என்ன போட்டிருந்துச்சு? "நல்ல நிலையில், ஒருவர் மட்டுமே ஓட்டியது"ன்னா? ஹூம். அது நான் போட்டதில்ல, எங்க வீட்டம்மா போட்டது. ஒருவர் மட்டும் ஓட்டுனதுன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? நானே ஓட்டுனதில்லையே! தெருமுனை வரைக்கும் போயிருக்கேன். திரும்பி வரும்போது தள்ளிக்கிட்டு வந்திருக்கேன். அதை ஓட்டுனதுன்னு சொல்லலாமா? நீங்களே சொல்லுங்க.

நல்லா பாருங்க, பாருங்க. குனிஞ்சு பாருங்க. ஒண்ணும் மறைக்கிறதுக்கில்ல. அங்க சொட்டுதே, அது எண்ணெய்தான். எங்கேர்ந்து சொட்டுதுன்னு கேக்காதீங்க. நானும் ஆறு மாசமா கீழ படுத்துப் பாத்துட்டேன். நான் படுத்தா சொட்டாது, எந்திரிச்சதும் சொட்டும். ஸ்டார்ட் பண்ணிப் பாக்கணுமா? ம்... அது இன்னைக்கு ஆகாது தம்பி. மனசு வச்சா ஆகும். இன்னைக்கு மனசு வைக்கல.

விக்கணும்தான், இல்லேன்னு சொல்லல. விக்கலேன்னா என் நிலைமை வேற. உள்ள டடடடன்னு ஒரு சத்தம் கேக்குதா? தையல் மெஷின். எங்க வீட்டம்மா தைக்கிறா. சும்மா இல்ல, நல்லா தைக்கிறா. இப்ப ஆஸ்பத்திரி நர்சுங்களுக்கு மொத்தமா யூனிஃபார்ம் தைக்கிற ஆர்டர் கிடைச்சிருக்கு. இன்னும் ரெண்டு மெஷின் போடணும், கூட ஒரு அம்மாவை உக்கார வைக்கணும். எங்க போடுறது? இந்த முன் ரூம்ல. முன் ரூம்ல யாரு இருக்கா? இவங்க ரெண்டு பேரும். இந்தா, நீங்க பாக்குறது சின்னவன். அங்க சுவரோரமா போர்வை போத்திக்கிட்டு நிக்கிறது பெரியவன். ரெண்டும் ஒரே மாடல். கம்பெனி இந்த மாடல மறந்தே போச்சு.

அவ சண்டை போடல தம்பி. சண்டை போட்டாத்தான் நான் சமாளிச்சிடுவேனே! அமைதியா சொன்னா: "ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒண்ணாவது வெளிய போகணும். இல்லேன்னா ரெண்டு தெரு தள்ளி ஒரு ரூம் பாத்திருக்கேன், மெஷினை அங்க கொண்டு போயிடறேன். காலைல போனா சாயந்திரம் வருவேன். நீ உன் பசங்களோட இரு"ன்னா. இன்னைக்கு என்ன கிழமை? பாத்துக்குங்க.

நான் வாரத்துல மூணு நாள் ஷிஃப்ட் முடிச்சு மத்தியானமே வந்துடுவேன். வந்தா இந்தச் சத்தம் இருக்கும். நான் இங்க நட்டு முடுக்கிக்கிட்டிருப்பேன், அவ அங்க தச்சுக்கிட்டிருப்பா. அந்தச் சத்தம் இல்லாத வீட்டுல நான் என்ன பண்ணுவேன்? ரெண்டு வண்டியும் ஓடாது, அதுங்ககிட்டேர்ந்தும் சத்தம் வராது.

அதனால விக்கணும். ஆனா ஆளைப் பாத்து விக்கணும் இல்லையா? காலைல ஒருத்தர் வந்தார், வந்ததும் சீட்டைத் தட்டிப் பாத்தார். தட்டுறதுக்கு இது என்ன மெத்தையா? அவருக்கு பிரேக்கோட கதையைச் சொன்னேன், கால் மணி நேரத்துல போயிட்டார். நேத்து ஒருத்தர் வந்தார், அவருக்கு ஒயரிங் கதை. அவர் செருப்பைக்கூட சரியா மாட்டல.

இந்த மாடல் வச்சிருக்கறவனுக்குப் பொருள் வாங்குறதுதான் தம்பி முழுநேர வேலை. சம்பளத்துக்குப் பாக்குறது பகுதி நேரம். கடைக்குப் போனா, கடைக்காரர் மொகத்தைப் பாக்காமலே கேப்பார், "சாம்பிள் கொண்டாந்தீங்களா?" அதே மாதிரி ஒண்ணைக் கொண்டு போய்க் காட்டுனாத்தான் எடுத்துத் தருவார். ஐயா, தொலைஞ்சு போனதுக்குத்தானே புதுசு கேட்டு வந்திருக்கேன், தொலைஞ்சதை எப்படிய்யா சாம்பிள் காட்டுறது? "அப்ப சாம்பிள் கிடைச்சதும் வாங்க"ன்றார். சாம்பிள் கிடைச்சா நான் ஏன்யா உன்கிட்ட வர்றேன்!

சிரிக்கிறீங்க. அனுபவிச்சவன் சிரிப்பு மாதிரி இருக்கே... சரி, விடுங்க.

இன்னொருத்தர் இருக்கார். பக்கத்து ஊர்ல, வீட்டுக்குப் பின்னாடி ஒரு ஷெட்டு. இந்த மாடலுக்கு உண்டான அத்தனையும் அங்க இருக்கு. பேப்பர் பிரிக்காம, கம்பெனி ஒட்டுன ஒட்டு ஒட்டுனபடியே! ரெண்டு பஸ் மாறிப் போனேன். டீ குடுத்தார், ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டுனார். "இதை எடுத்துக்கட்டுமா"ன்னேன். "விக்கிறதுக்கில்லீங்க"ன்னுட்டார். அப்புறம் எதுக்குன்னா, "இருக்கட்டும்னு வச்சிருக்கேன்." அவர்கிட்ட வண்டி இருக்கான்னு கேட்டேன். வண்டி இல்லையாம்! வித்துட்டாராம்! பொருளைப் பாத்துக்கவே நேரம் சரியா இருக்காம்.

என்ன பொருள் தேடுனேன்னு கேக்கலையே நீங்க? கேக்காட்டியும் சொல்றேன். ஒரு குண்டு. இரும்புக் குண்டு, மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு. கியர் மாத்துற எடத்துல ஒரு ஸ்பிரிங் இருக்கும், அதோட மூக்குல இந்தக் குண்டு உக்காந்திருக்கும். அது இருந்தாத்தான் போட்ட கியர் போட்ட எடத்துல நிக்கும். அது பெரியவன்கிட்டேர்ந்து போயிடுச்சு. சைக்கிள் கடைக் குண்டு போட்டேன், ஒரு நூல் பெரிசு, உள்ள போகமாட்டேங்குது. அடுத்த சைஸ் போட்டேன், ஒரு நூல் சிறுசு, ரெண்டாவது கியர் போட்டா அதுவா நழுவி ஊஊன்னு கத்துது. தெருவுல நாய்ங்கல்லாம் எந்திரிச்சு நின்னு பாக்குதுங்க.

எட்டு மாசம் தேடுனேன். கடைசியா காயலாங்கடையில இந்தச் சின்னவன் நின்னான். குண்டுக்காகத்தான் தம்பி வாங்குனேன்! ஒரு மிளகு சைஸ் குண்டுக்காக ஒரு முழு வண்டி. குட்டி லாரில ஏத்தி, சாக்கு போத்தி, பொண்ணு அழைச்சிட்டு வர்ற மாதிரி கொண்டாந்து எறக்கினேன். எங்க வீட்டம்மா வாசல்ல நின்னு பாத்தா. "இது எதுக்கு?" "அதுக்கு." "அது எதுக்கு?" நான் சாக்கை மடிக்க ஆரம்பிச்சுட்டேன்.

சரி, பிரிக்கலாம்னு ஸ்பேனரைக் கையில எடுத்துட்டேன். எடுத்துட்டு, சும்மா, ஒரே ஒரு உதை உதைச்சுப் பாத்தேன்.

ஸ்டார்ட் ஆயிடுச்சு தம்பி. ஒரே உதை. எத்தனை வருஷம் மழையில நின்னதோ, துரு தின்னு கெடக்கு, பெட்ரோல்ல பாதி தண்ணி. டுப்பு டுப்புன்னு உசுரோட நிக்குது. அதைப் போய் எப்படிப் பிரிக்கிறது? எனக்குக் கை வரல. உக்காந்துட்டேன். அன்னைக்கே சீட்டு இல்லாம இருந்ததுக்குப் பெரியவன் சீட்டைக் கழட்டிப் போட்டேன். அப்புறம் லைட்டு. அப்புறம் சங்கிலி. இவனைத் தேத்தணும் தேத்தணும்னு அவனை உரிச்சுட்டேன். இப்ப அந்தப் போர்வையைத் தூக்கிப் பாத்தீங்கன்னா வெறும் எலும்புதான் இருக்கும். அவனை யாரு வாங்குவா? மாடிப்படிக்கு அடியில வச்சா, இருக்கறதே தெரியாது. விக்கணும்னா இவனைத்தான் விக்கணும்.

குண்டா? அது இவனுக்குள்ளயேதான் இருக்கு. எடுத்தா இவன் ஓடமாட்டானே.

மெஷின் சத்தம் நின்னுடுச்சு, கவனிச்சீங்களா? நூல் மாத்துறா, அவ்ளோதான். இல்ல, கேக்குறாளோ... கொஞ்சம் மெதுவா பேசுவோம். ஒண்ணு சொல்றேன், அவகிட்ட சொல்லிடாதீங்க. பெரியவன்ல அந்தக் குண்டு ஏன் தொலைஞ்சதுன்னு அவளுக்குத் தெரியாது. ரிப்பேர் பண்ணும்போது போச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன். ரிப்பேரே இல்ல தம்பி. அவன் நல்லா ஓடிக்கிட்டிருந்தான். பதினோரு வருஷம், ஒரு சத்தம் கிடையாது, தினம் வேலைக்கு அதுலதான் போனேன், அவளை அதுலதான் துணிக்கடைக்குக் கூட்டிப் போனேன். ஒரு நாள் லீவு. வேலை இல்ல. பொழுது போகல. உள்ள எப்படித்தான் இருக்கும், பாப்போமேன்னு திறந்தேன். அவ்ளோதான். திறந்ததும் ஸ்பிரிங் ணங்குன்னு எகிறிச்சு. ஸ்பிரிங் கிடைச்சுது. குண்டு கிடைக்கல. பீரோவை நகத்திப் பாத்தேன், அரிசி டப்பாவைக் கவுத்துப் பாத்தேன். அன்னைலேர்ந்து நான் பஸ்லதான் போறேன். ரெண்டு வண்டிக்குச் சொந்தக்காரன், பஸ்ல நின்னுக்கிட்டு போறேன்!

அவளைப் பாருங்க, அலமாரில டப்பா டப்பாவா பட்டன் வச்சிருக்கா. ஆயிரக்கணக்குல இருக்கும். ஒரு பட்டன் தொலைஞ்சதில்ல இதுவரைக்கும். எனக்கு இருந்தது ஒரே ஒரு குண்டு.

அதனால சொல்றேன், உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இதை வாங்குனா தலைவலியை வெல குடுத்து வாங்குற மாதிரி. வேற நல்ல வண்டியா, புதுசா, கடையில பொருள் கிடைக்கிற வண்டியா பாருங்க. என்ன? பரவால்லையா? ஓடாட்டியும் பரவால்லையா? எண்ணெய் சொட்டுனாலுமா? ஏன் தம்பி, உங்களுக்கு என்ன தலையெழுத்து?

ஓ...

உங்க வீட்லயும் ஒண்ணு நிக்குதா? இதே மாடலா? அதானே பாத்தேன், அந்தச் சிரிப்பு! அதுக்கு என்ன ஆச்சு? கார்புரேட்டர் போச்சா? ஆமாமா, கிடைக்காது, கிடைக்கவே கிடைக்காது, நானும் தேடி... இருங்க. இருங்க. அப்ப இதை எதுக்கு... கார்புரேட்டருக்கா? அதுக்கு மட்டுமா? மீதியை? மீதியை என்ன பண்ணுவீங்க?

காயலாங்கடைக்கா!

தம்பி, என்ன பேசுறீங்க? அங்கேர்ந்துதானே கொண்டாந்தேன்! இது ஓடுற வண்டிங்க! ஆமா, இவ்ளோ நேரம் ஓடாதுன்னுதான் சொன்னேன், இல்லேன்னு சொல்லல. இந்தாங்க. பாருங்க. இது என்ன? ஸ்பார்க் பிளக்கு, இது இல்லேன்னா ஸ்டார்ட்டே ஆகாது. என் சட்டைப் பையில ஏன் இருக்குன்னு பாக்குறீங்களா? நீங்க கேட்டைத் திறக்கும்போது கழட்டுனேன். நேத்தும் கழட்டுனேன். காலைலயும் கழட்டுனேன். எண்ணெய் சொட்டுறது? அது நானே காலைல அந்த எடத்துல ரெண்டு சொட்டு விட்டது, அவ தையல் மெஷின் எண்ணெய். தள்ளுங்க கொஞ்சம். ஒரு நிமிஷம். முடுக்கியாச்சு. இப்பப் பாருங்க. ஒரே உதை!

கேக்குதா? கேக்குதா சத்தம்? இதைப் பிரிப்பீங்களா நீங்க?

ஏம்மா... வந்துட்டியா. இல்ல, இவர்தான்... பிளக்கா? எந்தப் பிளக்கு? எதுலேர்ந்து கேட்டுக்கிட்டிருக்க? குண்டு கதைலேர்ந்தா?

சரிம்மா. சரி. மொறைக்காத.

தம்பி, என்ன சொல்றீங்க? ஓட்டிக்கிறீங்களா? பிரிக்கமாட்டீங்களா? சத்தியமா? உங்களுதைப் பிரிச்சு இதுக்குப் பொருள் வச்சுக்குவீங்களா? ஐயோ பாவம் அது. சரி, அது உங்க வீட்டு விஷயம். என்ன? உங்களுதை எனக்கே குடுத்துடறீங்களா? சும்மாவா? கார்புரேட்டர் தவிர எல்லாம் அப்படியே இருக்கா? குண்டும்...?

வேணாம் தம்பி.

இல்லம்மா, நான்தான் வேணாம்னு சொல்றேனே, நீ ஏன் இடுப்புல கை வைக்கிற? வேணாம் தம்பி. இந்த ரூம்ல அவ மெஷின் வரப்போகுது. நான் அவ இங்கயே இருக்கணும்னு பாக்குறேன். வெல, பேப்பர் எல்லாம் அவகிட்டயே பேசிக்குங்க, நான் இருந்தா மறுபடி ஏதாவது சொல்லிடுவேன்.

முடிஞ்சுதா? கிளம்பிட்டீங்களா? முதல் கியர்ல கொஞ்சம் பொறுமையா விடுங்க. திருப்பத்துல ஹாரன் அடிங்க, அது வேலை செய்யும், நானே கட்டுனது! அப்புறம் அந்த சீட்டுக்கு அடியில ஒரு... போயிட்டாரு. பாதி சொல்லும்போதே போயிட்டாரு.

ஓடுது பாரும்மா. தெருமுனையைத் தாண்டிடுச்சு. தள்ளல, ஒண்ணும் பண்ணல, ஓட்டிக்கிட்டே போறாரு. எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு, இல்லேன்னு சொல்லல. சந்தோஷமாவும் இருக்கு.

சரி. வா, எங்கெங்க போடணும்னு சொல்லு. ஜன்னலோரம் உனக்கு, வெளிச்சம் வேணும்ல. அப்புறம், அந்த ரூம்காரங்களுக்கு ஒரு போன் போட்டு வேணாம்னு சொல்லிடு. இப்பவே சொல்லிடு, நான் பக்கத்துல நிக்கிறேன். என்ன? சொல்லியாச்சா? எப்ப?

போன வாரமேவா?

அப்ப நீ போறதாவே இல்லையா? இங்கயேதான் இருக்கிறதா இருந்தியா? அப்ப நான் வண்டியை... தம்பி! ஏ தம்பி!

ஏன் சிரிக்கிற? சிரி, நல்லா சிரி. அந்தப் பக்கம் பிடி, மெஷினைத் தூக்குவோம்.