நின்றுபோன மாடல்

மத்தியானம் மூன்று மணி. பேய்க்கு இருட்டுதான் வேண்டும் என்று யார் சொன்னது? கிட்டே வந்து உட்காருங்கள்.

என் நண்பனின் மச்சான் வேன் ஓட்டுகிறவர். ஊரைத் தாண்டி, ஆளரவமற்ற சாலையில் தனியாக நடந்துகொண்டிருந்தார். ஒரு காக்கைகூட இல்லை. செருப்புச் சத்தம் மட்டும்... சரக்... சரக்...

அவருடைய வேனில் டீசல் பம்ப் போய்விட்டது. கம்பெனி அந்த மாடலையே நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. வேறு மாடல் பம்பைப் போட்டுப் பார்த்தார். பாதி வழியில் கழுத்தறுத்தது. அன்றைக்கு வண்டிக்குள் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு நோயாளி. ஏதோ நல்ல நேரம், பிழைத்தார். இனி நம்பகமான பம்ப் கிடைக்காமல் சாவியைத் தொடுவதில்லை என்று தேடிக் கிளம்பியிருந்தார்.

சாலையின் கடைசியில் பழைய வண்டிகளை உடைக்கிற இடம். கேட்டருகே ஒரு அம்மா. மாடலைச் சொன்னதும் உள்ளே கை காட்டினார். மரநிழலில் அதே மாடல் வேன்... முன்பக்கம் சப்பையாக நசுங்கி, சீட்டின் நடுவே செடி முளைத்து.

மச்சான் பானெட்டைத் தூக்கினார். குப்பென்று டீசல் வாடை. பம்பைத் தொட்டவர் கையை உதறினார். இப்போதுதான் ஓடி வந்து நின்றது போல்... கொதித்தது.

"இது ஓடி எவ்வளவு நாளாச்சும்மா?"

"எங்க வீட்டுக்காரர் இதுல அடிபட்டுப் போனதுலேர்ந்து நிக்குது."

வெயில் சூடு என்று மனசைத் தேற்றிக்கொண்டார். நிழலில் ஏது வெயில்? ஆனாலும் கழற்றினார். பிழைப்பாயிற்றே.

"இனி நீங்கதான் பாத்துக்கணும்," என்றார் அந்த அம்மா.

"பம்பையா?"

அந்த அம்மா கேட்டைச் சாத்திவிட்டார்.

பட்டறையில் மாட்டியதும் ஒரே திருகில் வண்டி பிடித்துக்கொண்டது. "உங்க வண்டிக்குன்னே செஞ்ச மாதிரி உக்காந்துடுச்சுண்ணே!" என்றார் மெக்கானிக். மச்சான் சிரித்தபடியே வீட்டுக்கு ஓட்டி வந்தார்.

மனைவி கதவைத் திறந்தாள். விழித்தாள்.

"எப்ப வெளிய போனீங்க? இப்பதானே சாப்பிட்டுட்டு, பாப்பா பக்கத்துல போய்ப் படுத்தீங்க?"

அவர் உள்ளே ஓடினார். கட்டிலில் குழந்தை மட்டும்... அயர்ந்த தூக்கம். பக்கத்துத் தலையணை அமுங்கியிருந்தது. குழந்தையின் கன்னத்தில் ஈரம் காயாத கிரீஸ்... ஒரு கட்டைவிரல் தடம். தன் விரலை அதன்மேல் மெல்ல வைத்துப் பார்த்தார்.

தடம் பெரிது.