பூண்டு சேர்க்காத பொடி

புதிதாக இணையக் கடை திறக்கிறவர்கள் மென்பொருளின் புதிய பதிப்பைத்தான் எடுக்க வேண்டும். பழைய பதிப்பை எடுத்த நானே இதைச் சொல்வது வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் இரண்டையும் பொறுமையாகச் சோதித்துப் பார்த்த பிறகுதான் எடுத்தேன்.

எனக்கு என் மீது நம்பிக்கை குறைவு. அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பிப் போய்ப் பார்க்கிறவள். திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் மாலை வகுப்பில் சேர்ந்தபோதும் இதெல்லாம் நம் மண்டையில் ஏறுமா என்றுதான் பயந்தேன். அதற்கு முன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அக்கா ஜீவிதா, கூடப் படித்த வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு ஊரைவிட்டுப் போனாள். அன்றோடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். மாலை வகுப்புக்குக்கூட அண்ணன் பாண்டியராஜ்தான் பைக்கில் கொண்டுவந்து விடுவான். முடியும்வரை எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பான்.

ஒருநாள் தாடிக்கொம்பு தாண்டி வீட்டுக்குப் போகும்போது அவனே பேச்செடுத்தான்.

"ஏ கௌசி, கம்ப்யூட்டர்ல ஆளக் கண்டுபிடிக்க முடியுமா?"

"யார?"

"தெரியாத மாதிரி கேக்காத. அவ இருக்கற எடம் மட்டும் தெரியட்டும், நீ பழையபடி காலேசுக்குப் போலாம். அப்பாகிட்ட நான் பேசுறேன்."

"போயி என்ன செய்வ?"

"பேசிக் கூட்டியாருவேன்."

பைக் கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. அதன் பிறகு அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. நல்ல பதில் ஒன்று கிடைத்துவிட்டால் அதைக் கலைக்காமல் வைத்துக்கொள்வது என் பழக்கம்.

அம்மா இடிக்கும் பருப்புப் பொடிக்கு எங்கள் பக்கத்தில் நல்ல பெயர். இணையத்தில் விற்கலாம் என்றேன். அம்மாவுக்கு ஒரே வெட்கம். "என் மூஞ்சியப் பாத்து யாரு வாங்குவா?" என்றபடியே புதுச் சேலை கட்டிக்கொண்டு உரலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அந்தப் படத்தைக் கடையின் முகப்பில் போட்டேன். ஊர்ப் பெயரோ என் பெயரோ போடவில்லை. சென்னை, கோவை, ஓசூர் என்று வெளியூர்களில் விளம்பரத்தை ஓடவிட்டேன். அக்கா எங்கிருந்தாலும் அந்தப் படத்தைப் பார்த்தால் கடந்து போகமாட்டாள்.

எந்தப் பதிப்பு என்பதுதான் மிச்சம். பாடம் நடத்தும் ஸ்தனிஸ்லாஸ் சாரிடம் கேட்டேன்.

"புதுசையே போடும்மா. பழசுல ஒரு கோளாறு இருக்கு. வாங்க வந்தவங்க அட்ரஸ அடிச்சிட்டு, வேணாம்னு போயிட்டாலும், அடிச்சதெல்லாம் கடைக்காரங்ககிட்டயே தங்கிரும். புதுசுல அப்பவே அழிஞ்சிரும்."

"பழசு ஈஸியா இருக்கு சார்."

"ஈஸின்னு பாத்தா செலேட்டுலயே கடை போட்டுறலாமே." வகுப்பே சிரித்தது.

இரண்டு பதிப்பிலும் ஒவ்வொரு கடை அமைத்தேன். பொய்ப் பெயரில் முகவரி அடித்து, பாதியில் விலகிப் பார்த்தேன். புதியதில் ஒன்றும் மிஞ்சவில்லை. பழையதில் கதவு எண்ணிலிருந்து எல்லாமே இருந்தது. அக்கா பயந்த சுபாவம். கடைசி நேரத்தில் கையை இழுத்துக்கொள்வாள். பழையதையே எடுத்தேன்.

அவளும் கையை இழுத்துக்கொண்டாள். சூர்யகலா என்ற பெயரில் ஓசூர் முகவரி ஒன்று, கைபேசி எண்ணோடு, பணம் கட்டாமல் விட்டுப்போன கூடையில் கிடந்தது. கூடவே ஒரு குறிப்பு: "எனக்கு எப்போதுமே பூண்டு ஆகாது. இப்போது வாடையே தாங்கவில்லை. பூண்டு சேர்க்காமல் கிடைக்குமா?"

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "மாசமா இருக்கற புள்ளையா இருக்கும். பாவம், தனியா இடிச்சுத் தாரேன்" என்றாள். இரண்டு குத்து குத்திவிட்டு உலக்கையை நிறுத்தினாள். "நம்ம ஜீவிதாவும் இப்பிடித்தான். பூண்டப் பொறுக்கி தட்டு ஓரத்துல வெச்சிருவா."

"ஆமாம்மா" என்றேன்.

இருந்தாலும் எனக்குச் சந்தேகம். பூண்டு பிடிக்காதவர்கள் எத்தனையோ பேர். தவறான வீட்டுக்கு அண்ணனை அனுப்பிவிடக் கூடாது. கடையின் எண்ணிலிருந்து, உங்களுக்காகப் பூண்டில்லாமல் தனியாக இடிக்கிறோம், பணம் வேண்டாம் என்று செய்தி அனுப்பினேன். வெகு நேரம் கழித்துப் பதில் வந்தது. "வேண்டாம். அந்த அம்மாவுக்குத் தோள்பட்டை வலி. எனக்காக இடிக்கச் சொல்லாதீங்க."

கடையில் எந்த இடத்திலும் அம்மாவின் தோள்பட்டை வலியைப் பற்றி எழுதியிருக்கவில்லை. என் சந்தேகம் தீர்ந்தது.

இடித்தாயிற்று, அனுப்பிவிட்டோம், வீட்டில் யாராவது இருப்பார்களா என்று கேட்டேன். பகலில் தான் மட்டும் இருப்பதாக எழுதினாள். 'நன்றி' என்றும் எழுதினாள்.

அம்மா பொடியை வெள்ளைத் துணியில் கட்டிக் கொடுத்தாள். நான் அதை அட்டைப்பெட்டியில் வைத்து ஒட்டினேன். கூரியர்காரர்கள் போடுவது போல ஒரு தொப்பி வாங்கிக்கொள்ளச் சொல்லி அண்ணனிடம் பெட்டியைக் கொடுத்தேன். பார்சல் என்றால் பயந்தவர்களும் கதவைத் திறப்பார்கள். அவன் வேறொரு பையும் எடுத்துக்கொண்டான். நீளமான பை. அவள் மாசமாக இருப்பதை அவனிடம் நான் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

மறுநாள் அண்ணன் சரணடைந்தான். விசாரிக்க வந்த அதிகாரி, முகவரி எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். பழைய பதிப்பில் உள்ள கோளாறு என்றேன். அது எல்லோருக்கும் தெரிந்த கோளாறுதான். எழுதிக்கொண்டார். கிளம்பும் முன்பே அண்ணன் அப்பாவிடம் பேசியிருக்கிறான். சொன்ன சொல் தவறாதவன். இப்போது நான் கல்லூரிக்குப் போகிறேன், பஸ்ஸில், தனியாக.

கடையைப் புதிய பதிப்புக்கு மாற்றிவிட்டேன். இனி யாருடைய முகவரியும் தங்காது.

செய்தித்தாளில் வந்த படத்தில், வாசற்படியில் பிரிந்து கிடந்த வெள்ளைத் துணியை அம்மா பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சமையலில் எதிலுமே பூண்டு சேர்ப்பதில்லை. எனக்குப் பூண்டு பிடிக்கும், ஆனாலும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்துவிடுகிறேன். நான் தேர்ந்தெடுத்தது ஒரு பதிப்பை மட்டும்தான். படிக்காத அம்மாவுக்கு அதை எப்படிப் புரியவைப்பது என்றுதான் தெரியவில்லை.